சமன்பாட்டோடு வாழ்ந்தவர்: கணித மேதை இராமானுஜன்

1911ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு கணிதக் கையெழுத்துப் படி வந்து சேர்ந்தது. இந்தியக் கணிதச் சங்கம் நடத்திய ஏட்டின் ஆசிரியராக அந்நாளில் விளங்கியவர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் ஆவார். படியை எழுதியவரோ கல்லூரிப் பட்டம் பெறாதவர்; நிலையான வேலையும் இல்லாதவர்; இருபத்து மூன்று வயது இளைஞர். பொருள் ஆழமுடையது என்பதை ஆசிரியர் உடனே உணர்ந்தார். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வாறு வந்தார் என்பது எழுதப்படவில்லை. விளக்கம் வேண்டிப் படி சென்னைக்குத் திரும்பிற்று, திருத்தம் பெற்று மீண்டும் பெங்களூர் வந்தது, மீண்டும் திரும்பிற்று. இவ்வாறு பன்முறை ஊர்ப் பயணம் செய்த பின்னரே அக்கட்டுரை அச்சேறியது. பெர்னோலி எண்களைப் பற்றிய அதுவே சீனிவாச இராமானுஜன் உலகுக்கு அளித்த முதல் ஆராய்ச்சிக் கட்டுரை. பெங்களூரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், இம்மேதையின் முதல் எழுத்து இந்நகரத்தார் ஒருவர் கையால் செப்பம் பெற்றது என்பதை மகிழ்ந்து நினைக்கலாம்.

நம் பொம்மனஹள்ளிப் பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டிய தெருக்களில், மாலை வேளையில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டத்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒருபடிச் சமன்பாட்டோடு போராடுவதைக் காண்கிறோம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து களைத்து வரும் தாயும், கட்டட வேலையிலிருந்து திரும்பும் தந்தையும் அக்கணக்கில் உதவ இயலாமல் அருகே அமர்ந்திருக்கின்றனர். மேதையின் வரலாற்றைச் சொல்வோர் கேம்பிரிட்ஜில் தொடங்கிக் கேம்பிரிட்ஜில் முடிப்பது வழக்கம். அப்பிள்ளைகளை மனத்திற்கொண்டு, அவர் பள்ளியில் பயின்ற கணக்கிலிருந்து தொடங்குவதே இம்மலருக்குப் பொருத்தம் எனக் கருதுகிறேன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் கணக்கர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல் பாடியும், கல்லூரி மாணவர்க்கு வீட்டில் இடமும் உணவும் கொடுத்தும் குடும்பத்திற்குச் சிறிது பொருள் சேர்த்தார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அச்சிறு வீட்டில் தங்கிய மாணவர்களே சிறுவனுக்கு முதற் கணித ஆசிரியர்கள். அவர்கள் அறிந்த கணிதம் அனைத்தையும் பதினொரு வயதிற்குள் அவர் கற்று முடித்துவிட்டாராம். 1897இல் தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இராமானுஜனைச் சோதிக்க எண்ணி ஒரு கணக்குக் கொடுத்தார். தெரியாத எண்கள் இரண்டு. முதலெண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. முதலெண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் யாவை? கணக்கைக் கொடுத்தவர், பள்ளியின் இறுதி வகுப்பினரும் இதனைச் செய்யத் திணறுவர் என்று நம்பியிருந்தார். இராமானுஜன் அரை நிமிடத்தில் 9, 4 என விடை கூறினார். சரிபார்ப்பது எளிது: 9இன் வர்க்கமூலம் 3, அதனோடு 4 சேர்த்தால் 7. 4இன் வர்க்கமூலம் 2. அதனோடு 9 சேர்த்தால் 11.

இதில் வியப்பு எங்கே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. வர்க்கமூலம் இல்லாமல், இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 13, வேறுபாடு 5 என்று சொல்லியிருந்தால் அது ஒருபடிச் சமன்பாடு. கட்டத்தாளில் ஒவ்வொன்றும் ஒரு நேர்கோடாகும். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே விடை. நேர்கோடுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று இணையாகவோ ஒன்றின்மேல் ஒன்றாகவோ அமையாவிடில், ஒரே இடத்தில்தான் வெட்டும். ஆகவே அங்கே அச்சம் வேண்டியதில்லை. வர்க்கமூலம் புகுந்தவுடன் கோடு வளைந்துவிடுகிறது. முறைப்படி நீக்கிக்கொண்டு சென்றால் நான்காம் படிச் சமன்பாட்டில் போய் நிற்க நேர்கிறது. இராமானுஜன் அந்தச் சுற்று வழியில் செல்லாமல், நேர் விடையைக் கண்டுகொண்டார். நான்காம் படியையும் அவர் விட்டுவிடவில்லை. 1902இல் மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை அவருக்குக் காட்டப்பட்டது. நான்காம் படிக்குரிய முறையைத் தாமே கண்டார். ஐந்தாம் படிக்கு அத்தகைய பொதுமுறை இருக்க முடியாது என்பதை ஐரோப்பியர் நிறுவிச் சுமார் எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தும், அச்செய்தி கும்பகோணத்துச் சிறுவனை எட்டவில்லை. அவர் அதனையும் முயன்று பார்த்தார்!

அவருடைய புகழ்பெற்ற குறிப்பேடுகளின் தொடக்கத்தில் மாயச் சதுரங்கள் காணப்படுகின்றன. இவை பள்ளிப் பருவத்து ஆர்வத்தின் எச்சம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மாயச் சதுரம் என்பது நிரையாகவும் நிரலாகவும் மூலைக்கு மூலையாகவும் கூட்டினால் ஒரே தொகை வருமாறு எண்களை அமைப்பது. இது விளையாட்டுப்போலத் தோன்றினும் உள்ளே இருப்பது ஒருபடிச் சமன்பாடுகளின் கூட்டமே. ஒன்பது கட்டச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். நடு நிரை, நடு நிரல், மூலைக்கோடுகள் இரண்டு ஆகிய நான்கையும் கூட்டினால் தொகையின் நான்கு மடங்கு வரும். அந்நான்கிலும் ஒன்பது கட்டங்களும் இடம் பெறுகின்றன. ஆனால் நடுக்கட்டம் மட்டும் நான்கு முறை வருகிறது, மற்றவை ஒரு முறையே வருகின்றன. ஒன்பது கட்டங்களின் மொத்தம் மூன்று தொகை. எனவே நான்கு தொகையானது மூன்று தொகையும் நடு எண்ணின் மும்மடங்கும் சேர்ந்ததற்குச் சமம். இருபுறமும் மூன்று தொகையை நீக்கினால், தொகை என்பது நடு எண்ணின் மும்மடங்கு என்று கிடைக்கிறது. 1 முதல் 9 வரை எழுதும் சதுரத்தில் தொகை 15. ஆகவே நடுவில் 5 அன்றி வேறெதுவும் அமராது. தொகையையும் நடு எண்ணையும் கட்டத்தாளில் குறித்தால் தொடக்கப் புள்ளி வழியே செல்லும் நேர்கோடு ஒன்று தோன்றும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதனை ஒரு மாலையில் செய்து பார்க்கலாம்.

அவர் கட்டத்தாளில் வரைந்து கற்றவர் அல்லர். தாள் வாங்கப் பொருள் இல்லை. சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதுவார்; முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். முழங்கை கறுத்துப்போகும் அளவிற்கு அவ்வழக்கம் வேரூன்றிற்று. வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதும் இயல்பிற்கு, அவர் கற்ற கார் என்பாரின் தொகுப்பு நூலே காரணம் எனப் பலர் கூறுவர். 1903இல் அவர் கைக்கு வந்த அந்நூல் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி அடுக்கிச் சொல்வது. அக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிலேட்டின் பங்கும் அதில் சிறிதன்று என்பது என் துணிபு. அழித்துவிட்ட வழியை எவ்வாறு எழுதி அனுப்ப முடியும்? பெங்களூர்ப் பேராசிரியர் பட்ட இடருக்கு வறுமையும் ஒரு காரணம்.

பள்ளியில் அவர் மதிப்புப் பெற்றிருந்தார். சுமார் 1,200 மாணவரையும் 35 ஆசிரியரையும் வகுப்புகளுக்குப் பொருத்தும் கால அட்டவணைப் பணியைக் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இம்மாணவரின் துணையோடு செய்தார் என்பர். 1904இல் கணிதத்திற்குரிய ரங்கநாத ராவ் பரிசைப் பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது.

அங்கேதான் வீழ்ச்சி தொடங்கிற்று. கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றார், உதவித்தொகை நின்றது. அத்தொகை இன்றிப் படிக்க வைக்கக் குடும்பத்தால் இயலவில்லை. 1905 ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பிறகு 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்னும் கணிதப் பேராசிரியர் அவர் அருமையை உணர்ந்து உடனிருந்து கணக்குகளை ஆராய்ந்தார். எனினும் எஃப்.ஏ. தேர்வில் உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. 1907இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். ஒரு பாடத்தில் உச்சியிலும் மற்றொரு பாடத்தில் பள்ளத்திலும் நிற்கும் பிள்ளைக்கு அந்நாளைய கல்வி முறையில் இடமில்லை. இந்நாளில் முற்றும் இடம் உண்டாகிவிட்டது என்று என்னால் துணிந்து கூற இயலவில்லை.

1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். மணமானபின் வேலை வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. குறிப்பேடுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1910இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தோற்றுவித்தவர் இவரே. தம் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் வேலை கொடுத்து இம்மேதையைப் புதைத்துவிட மனமின்றிச் சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அதன் பயனாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். உழைக்காமல் பிறர் பொருளில் வாழ இராமானுஜன் நாணினார். 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். இருவரும் இரவு வேளையில் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்கிடுவர்.

இக்காலத்தில் பெங்களூர்ப் பேராசிரியரின் ஏட்டில் அவர் கேள்விகளும் கட்டுரைகளும் வெளிவந்தன. 1911இல் அவர் விடுத்த ஒரு வர்க்கமூல அடுக்குக் கணக்கிற்கு ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. விடை வெறும் 3. 1912இல் வெளிவந்த சிறு கட்டுரையோ நம் தலைப்பிற்கு மிக நெருங்கியது. ஒருங்கமை சமன்பாடுகள் பற்றிய அக்கட்டுரையில் பத்துச் சமன்பாடுகளையும் தெரியாத பத்து எண்களையும் எடுத்துக்கொண்டு தீர்த்துக் காட்டினார். அவை ஒருபடிச் சமன்பாடுகள் அல்ல. தெரியாத எண்ணோடு தெரியாத எண் பெருகியும், அப்பெருக்கம் ஒன்பதாம் படி வரை உயர்ந்தும் நிற்கின்றன. பார்த்தவுடன் மலைக்கத்தக்கவை. இராமானுஜன் அனைத்தையும் ஒரே பின்னமாகத் திரட்டினார். அப்பின்னத்தின் மேலும் கீழும் வரும் கெழுக்களைக் காண அவருக்குத் தேவைப்பட்டவை ஒருபடிச் சமன்பாடுகளே. அவற்றைத் தீர்த்த பின் ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்று எஞ்சுகிறது. அதன் மூலங்களைக் கண்டு, பின்னத்தைப் பகுத்தால் பத்து எண்களும் வெளிப்படுகின்றன. கடினமான பூட்டிற்கு உரிய திறவுகோல், ஒன்பதாம் வகுப்பில் நம் பிள்ளை கற்கும் அதே கணக்கு.

அவர் வாழ்வின் பொருள்நிலையையே ஒரு கட்டத்தாளில் வரையலாம். கிடை அச்சில் மாதங்களையும் நிலை அச்சில் ரூபாயையும் குறிப்போம். தந்தையின் சம்பளம் மாதத்திற்கு 20 வீதம் உயரும் கோடு, ஓராண்டில் 240. இராமச்சந்திர ராவின் உதவி சற்றே செங்குத்து, ஓராண்டில் 300. துறைமுகச் சம்பளம் 360. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 75, அது 900. நான்கு கோடுகளும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. சாய்வு மட்டுமே வேறு. மாதத்தின் எண்ணிக்கையை எதனால் பெருக்குகிறோமோ அதுவே சாய்வு என்பதை இதனினும் எளிதாக விளக்க முடியுமா?

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் மிக உயர்ந்த கணித அறிஞர் என்ற முடிவிற்கு வந்தனர். பல்கலைக்கழகம் அவர் பயணத்திற்கும் உடை முதலியவற்றிற்கும் 100 பவுனும், தங்கிப் பயில ஆண்டிற்கு 250 பவுனும் ஒதுக்கிற்று. பள்ளிப் பிள்ளைகள் இதனையும் சமன்பாடாக எழுதலாம்: மொத்தம் என்பது 250ஐ ஆண்டின் எண்ணிக்கையால் பெருக்கி 100ஐக் கூட்டியது. இக்கோடு தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்பாமல் நிலை அச்சில் 100இல் தொடங்கும். ஈராண்டில் 600.

1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஐந்தாண்டு வரலாறு யாவரும் அறிந்தது. 1729 என்ற வண்டி எண்ணின் கதையைக் கேளாத தமிழர் இல்லை. ஆதலின் சுருக்கமாகவே சொல்கிறேன். 1916இல் ஆராய்ச்சியால் பி.ஏ. பட்டம் பெற்றார். ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியுடன் சேர்ந்து வாய்பாடு கண்டார். 200 என்ற எண்ணைப் பிரிக்கும் வகைகள் 39,72,99,90,29,388 ஆகும். அவ்வாய்பாடு இவ்வெண்ணை மிகத் துல்லியமாகத் தந்தது. 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பேரவை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். இடையில் போர்க்காலம், மரக்கறி உணவு கிடைப்பது அரிது, குளிர், தனிமை. 1917இல் நோய் பற்றிக்கொண்டது. மருத்துவர் காசநோய் எனக் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர் ஆராய்ச்சி.

நோய்ப்படுக்கையில் இருந்த அவரை மகிழ்விக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டு உதவித்தொகை அறிவித்தது. 1919 ஜனவரியில் அதற்கு விடையாக அவர் எழுதிய கடிதம், அவர் எழுதிய எல்லாச் சமன்பாடுகளினும் என் நெஞ்சைத் தொட்டது. தாம் ஊர் திரும்பிய பின் அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு ஆண்டிற்கு 50 பவுன் அளித்து, இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரற்ற பிள்ளைகளும் படிக்கவும், பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் செலவிட வேண்டும் என்றும் தெரிவித்தார். மொத்தத்திலிருந்து பெற்றோர்க்கும் தமக்கும் உரியதைக் கழித்தால் எஞ்சுவது ஏழை மாணவர்க்கு. ஆங்கிலத் தேர்வில் தோற்றதால் உதவித்தொகையை இழந்து ஊரை விட்டு ஓடிய பிள்ளை எழுதிய கடிதம் அது.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கி மருத்துவம் பார்த்தும் பயன் விளையவில்லை. படுக்கையிலும் கணக்கிட்டுக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. இறுதி ஓராண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் சென்று நூலகப் பெட்டியில் உறங்கிக் கிடந்தன. 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார்.

மேதையின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஜானகி அம்மையாரை 1920ஆம் ஆண்டோடு விட்டுவிடுகின்றனர். நம் பொம்மனஹள்ளி வாசகர்க்கு அவ்வாறு விடுதல் தகாது. இருபத்தோரு வயதில் கணவரை இழந்த அவர், பம்பாயில் தமையனார் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கித் தையற்கலை பயின்றார். பின்னர்ச் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தோடு தையல் வேலையால் பொருளீட்டித் தம் காலில் நின்று வாழ்ந்தார். பெண்களுக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1950இல் பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். உலகக் கணித அறிஞர் பலர் பொருள் சேர்த்துச் செய்வித்த இராமானுஜனின் மார்பளவுச் சிலை, அவரது முதுமைக்காலத்தில் அவர் இல்லம் வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரலில், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவ்வம்மையார் சென்னையில் காலமானார்.